புண்ணைத் தேடும் மூக்கு

ஆட்டுக்கோ மாட்டுக்கோ புண் வந்து இரண்டு மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் "புழு வச்சிருச்சு" என்பார்கள். புழு தானாக வைக்காது. ஓர் ஈ வந்து முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. எந்த ஈ என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மீன்கடையில் மொய்க்கிற, உடல் நீலப்பச்சையாகப் பளபளக்கிற, கண் செங்கல் நிறத்தில் இருக்கிற பெரிய ஈயைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் பெயர் கிரைசோமையா மெகாசெபாலா. செத்த மீன், அழுகிய இறைச்சி, மலம் என்று இருக்கும் அதன் உலகம். அதே பேரினத்தில் கிரைசோமையா பெசியானா என்று இன்னொன்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பெசியானா பிணத்தை நாடுவதில்லை. உயிரோடு இருக்கிற, உடம்பில் சூடு இருக்கிற பிராணியின் புண்ணில்தான் முட்டையிடும். கன்றின் காயாத தொப்புள், நுகத்தடி உரசிய கழுத்து, நாயின் காது, உண்ணி கடித்த இடம், இவ்வளவு போதும் அதற்கு.

அமெரிக்கக் கண்டத்தில் இதே கதை வேறு இரண்டு ஈக்களை வைத்து நடக்கிறது. உயிர்ச்சதையைத் தின்பது காக்லியோமையா ஹோமினிவோராக்ஸ், திருகுப்புழு ஈ. செத்ததைத் தின்பது அதன் நெருங்கிய உறவான காக்லியோமையா மாசெல்லாரியா. இரண்டும் வேறு வேறு இனம் என்று தெளிவாகப் பிரித்துக் காட்டப்பட்டது 1933-இல்தான். எமரி குஷிங்கும் டபிள்யூ. எஸ். பேட்டனும் செய்த வேலை அது. பேட்டன் அதற்கு முன் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்தவர். இந்தியாவின் பெசியானாவைப் பற்றி 1920-லேயே விரிவாக எழுதியவர். அமெரிக்காவில் அதுவரை செத்த மாட்டை எரிப்பதும் புதைப்பதும்தான் புழுப்புண்ணுக்கான தடுப்பு வழி என்று நம்பியிருந்தார்கள். பிணத்தில் வளர்ந்தது மாசெல்லாரியா. மாட்டைக் கொன்றது ஹோமினிவோராக்ஸ். எதிரி யாரென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரனை அடித்துக்கொண்டிருந்ததுபோல.

கிரைசோமையாவில் ஒருமுறை, காக்லியோமையாவில் ஒருமுறை, லூசிலியா பேரினத்தில் தேரையைத் தின்னும் லூசிலியா புஃபோனிவோராவில் இன்னொரு முறை என்று, இந்த ஈக்குடும்பத்தில் ஒட்டுண்ணி வாழ்க்கை தனித்தனியாகப் பல தடவை தோன்றியிருக்கிறது. ஒரே மாற்றம் திரும்பத் திரும்ப நடக்கிறதென்றால், ஒவ்வொரு முறையும் புதுப்புது மரபணுக்களைப் படைத்துக்கொண்டு நடந்திருக்க வாய்ப்பு குறைவு. இருக்கிற மரபணுக்களை எங்கே, எப்போது, எவ்வளவு இயக்குவது என்பதில்தான் பெரிய பங்கு இருக்க வேண்டும். மரபணு வெளிப்பாடு என்று சொல்வது இதைத்தான்: ஒரு திசுவில் குறிப்பிட்ட நேரத்தில் எந்த மரபணுவிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ நகல் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. இன்று அந்தக் கணக்கை எடுப்பது கடினமில்லை. சரியான திசுவிலிருந்து சரியான நேரத்தில் எடுப்பதுதான் கடினம். இந்தத் துறையில் பாதித் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

வாய் அல்ல காரணம்

ஈப்புழுவுக்குக் கடித்து மெல்லும் வாய் கிடையாது. இரண்டு கொக்கிகள் உண்டு, சதையைக் கீறும். உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் குடலிலிருந்தும் நொதிகளைச் சதைமேல் கக்கும். டிரிப்சின், கைமோடிரிப்சின் வகைப் புரத நொதிகள் வெளியிலேயே சதையைக் கூழாக்கிவிடும். புழு அந்தக் கூழை உறிஞ்சும். பிணம் தின்னும் புழுவுக்கும் புண் தின்னும் புழுவுக்கும் இந்த ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்கு மிகப் பெரிய ஆதாரம் ஆய்வகத்தில் இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது. எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லேண்ட் இருவரும் யோசித்த மலட்டு ஆண் ஈ முறைக்காகத் திருகுப்புழுவைக் கோடிக்கணக்கில் வளர்க்க வேண்டியிருந்தது. பெண் ஈ வாழ்நாளில் ஒரே முறைதான் இணை சேரும். கதிர்வீச்சில் மலடான ஆணோடு சேர்ந்துவிட்டால் அதன் முட்டை பொரியாது. 1954-இல் குராசாவ் தீவில் இந்த முறை வென்றது. 1958-இல் புளோரிடாவின் சீப்ரிங்கில் வாரத்துக்கு 5 கோடி ஈ வளர்க்கும் ஆலை வந்தது. அங்கே அவை என்ன தின்றன? உயிருள்ள மாட்டையா? அரைத்த இறைச்சி, இரத்தம், தண்ணீர், கெட்டுப்போகாமல் இருக்கக் கொஞ்சம் ஃபார்மலின். பிற்காலத்தில் காய்ந்த இரத்தப் பொடி, முட்டைப் பொடி, பால் பொடி. 'உயிர்ச்சதை மட்டுமே தின்னும்' என்று பெயரெடுத்த புழு, சூடு சரியாக இருந்தால் செத்த மாவிலும் கொழுத்து வளர்கிறது. அதன் குடலுக்குச் செத்ததைச் செரிக்கத் தெரியும்.

மறுபக்கமும் பார்க்கலாம். லூசிலியா செரிகேட்டாவின் கிருமி நீக்கிய புழுக்களை, ஆறாத புண்ணைச் சுத்தப்படுத்த மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். 1931-இல் வில்லியம் பேயர் எழுதிய அனுபவங்களிலிருந்து வளர்ந்த சிகிச்சை இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் அனுமதி கொடுத்தது. ஒரு சதுர செ.மீ.க்கு 5 முதல் 10 புழு, 48 முதல் 72 மணி நேரம். செத்த திசுவைக் கூழாக்கித் தின்னும், நல்ல சதையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதே இனம் பிரிட்டனின் ஈரமான ஆட்டு ரோமத்தில் முட்டையிட்டால், அந்தப் புழுக்கள் ஆட்டின் தோலை உயிரோடு தின்கின்றன. ஆஸ்திரேலியாவில் அந்த வேலையைச் செய்வது லூசிலியா குப்ரினா. செரிகேட்டாவில் ஒரே மரபணுத் தொகுதி, இடத்துக்கு ஏற்ப இரண்டு நடத்தை.

ஆக, ஒட்டுண்ணியா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்வது புழுவின் வாயல்ல, தாயின் மூக்கு. புழுவுக்குத் தேர்வு செய்யும் உரிமை குறைவு. தாய் விட்ட இடத்தில் தின்றாக வேண்டும். புழுக்களை முழுதாக அரைத்து ஆர்.என்.ஏ எடுத்து 'ஒட்டுண்ணித்தன்மையின் மரபணுக்கள்' என்று பட்டியல் போடும் ஆய்வுகளைப் படிக்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும். அந்தப் பட்டியல் பொய்யல்ல. வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான். புண்ணுக்குள் போய்ச் சேர்ந்தபின் எப்படிப் பிழைப்பது என்பதற்கான பதில்.

மூக்கில் என்ன இருக்கிறது

ஈயின் மூக்கு உணர்கொம்பின் மூன்றாவது கணுவில் இருக்கிறது. அங்குள்ள நரம்பு முனைகளில், மணப்பொருளைப் பிடித்து உணரும் புரதங்களான ஏற்பிகளின் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று மணம் உணரும் ஏற்பிகள்; இவற்றுக்குத் துணையாக ஓர்கோ என்ற புரதம் வேண்டும். ஓர்கோ இல்லாவிட்டால் மற்ற ஏற்பிகள் தங்கள் இடத்துக்கே போய்ச் சேராது. இன்னொன்று அயனி வகை ஏற்பிகள். அமிலங்களையும் அமீன்களையும் பெரும்பாலும் இவைதான் உணரும். இவற்றுக்கு ஓர்கோ தேவையில்லை.

2021-இல் வெளியான ஓர் ஆய்வில் திருகுப்புழு ஈயின் ஓர்கோ மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் முடக்கிப் பார்த்தார்கள். அந்த ஈக்கள் உணவு தேடுவதிலும் புண்ணின் மணத்தைக் கண்டுபிடிப்பதிலும் தடுமாறின. மூக்கைப் பற்றிய வாதத்துக்கு நேரடியான சான்று இது. ஆனால் ஓர்கோ இல்லாத ஈக்கு மணமே தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. அமோனியாவும் கொழுப்பு அமிலங்களும் இன்னொரு குடும்பத்தின் வழியாக அதற்கு எட்டிக்கொண்டே இருக்கும்.

மணம் என்று வரும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. திருகுப்புழு ஈயைப் பிடிக்கப் பயன்படுத்திய 'ஸ்வார்ம்லூர்' கலவையில் டைமெத்தில் டைசல்பைடு, இண்டோல், ஃபீனால், பாரா-கிரெசால், அசிட்டிக் அமிலம், பியூட்டிரிக் அமிலம் போன்ற பொருள்கள் இருக்கின்றன. எல்லாமே பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது வருபவை. அழுகிய இறைச்சியிலும் இவை உண்டு! அப்படியானால் புண்ணுக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் எங்கே? எந்தப் பொருள் இருக்கிறது என்பதைவிட எது எவ்வளவு, எது எதோடு சேர்ந்து, எந்தச் சூட்டில் என்பதில்தான் இருக்க வேண்டும். பச்சைப் புண்ணைவிடச் சில நாள் ஆன புண் பெண் ஈயை அதிகம் இழுப்பதும் இதனால்தான். பாக்டீரியா குடியேறி மணத்தைச் சமைக்க அவ்வளவு நேரம் ஆகிறது. ஏற்கெனவே புழு இருக்கிற புண் இன்னும் அதிகமாக இழுக்கும்.

ஆகவே ஒட்டுண்ணி ஈயில் மட்டும் இருக்கிற, பிணந்தின்னியில் இல்லாத ஒரு மாய ஏற்பியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஒரே ஏற்பியின் வெளிப்பாடு கூடுவதும் குறைவதும், சில ஏற்பிகள் இரட்டிப்பதும் அழிவதும் என்ற மாதிரிதான் எதிர்பார்க்க வேண்டும். லூசிலியா குப்ரினாவின் மரபணுத் தொகுதி 2015-இல் வெளியானது: 45.8 கோடி டிஎன்ஏ எழுத்து, 14,544 மரபணு. திருகுப்புழுவினுடையது 2020-இல். இரண்டும் கையில் இருப்பதால் இனிமேல் இந்தக் கணக்கைப் போட முடியும்.

மாதிரி எடுப்பதில் செய்யும் தவறுகள்

பெண் ஈ புண்ணைத் தேடுவது எல்லா நாளும் இல்லை. கூட்டிலிருந்து வெளிவந்ததும் அதற்கு வேண்டியது சர்க்கரை, பூந்தேன். பிறகு முட்டை முற்றப் புரதம் வேண்டும். இணை சேர்ந்து, முட்டை முற்றிய பிறகுதான் புண் மணம் அதற்கு அழைப்பாகிறது. உணர்கொம்பின் வெளிப்பாட்டை ஒப்பிடுகிறவர் ஐந்து நாள் ஆன மாசெல்லாரியாவையும் ஐந்து நாள் ஆன ஹோமினிவோராக்ஸையும் எடுத்தால் போதாது. ஒன்று முட்டை முற்றிய நிலையில் இருக்கலாம், மற்றது இன்னும் புரதத்துக்கு அலையலாம். நாளைக் கணக்கிடாமல், மாதிரிக்கு எடுத்த ஈக்களில் நாலைந்தை அறுத்துச் சினைப்பையைப் பார்த்து நிலையைக் கணக்கிட வேண்டும். நாளின் எந்த மணி என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஈயின் மூக்குக்கும் கடிகாரம் உண்டு.

மணம் உணரும் ஏற்பிகளின் ஆர்.என்.ஏ மிகக் குறைவாக இருக்கும். தலையை முழுதாக எடுத்தால் கண்ணின் ஆர்.என்.ஏ வெள்ளத்தில் அது காணாமல் போய்விடும். உணர்கொம்பை மட்டும் பிரிக்க வேண்டும். திரவ நைட்ரஜனில் உறைந்த ஈக்களைக் குளிர்ந்த சல்லடையில் குலுக்கினால் உணர்கொம்பு ஒடிந்து கீழே விழும். நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் பொறுக்கலாம். ஒரு மாதிரிக்கு 100 ஜோடி இருந்தால் நிம்மதி. இனத்துக்கும் நிலைக்கும் குறைந்தது நாலு மாதிரி. ஒரே கூண்டு ஈக்களை நாலாகப் பிரித்துவிட்டு நாலு மாதிரி என்று சொல்வது ஏமாற்று. நாலு தனித்தனி வளர்ப்புத் தொகுதிகள் வேண்டும்.

புழுவில் சிக்கல் வேறு மாதிரி. வயதை மணிக்கணக்கில் ஒப்பிடக் கூடாது. திருகுப்புழு 37 டிகிரி சூட்டில் ஐந்தாறு நாளில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். பிணந்தின்னியை அறைவெப்பத்தில் வளர்த்தால் அதே மணி நேரத்தில் ஒரு பருவம் பின்தங்கியிருக்கும். பின்பக்க மூச்சுத்துளையில் முதல் பருவத்தில் எளிய ஒரு திறப்பு, இரண்டாம் பருவத்தில் இரண்டு கீற்று, மூன்றில் மூன்று கீற்று. அதைப் பார்த்துப் பருவத்தைப் பிரிக்க வேண்டும். மூன்றாம் பருவத் திருகுப்புழுவின் பின்முனையில் இரண்டு கரிய மூச்சுக்குழாய்கள் தோல் வழியாகவே தெரியும். மாசெல்லாரியாவில் அந்தக் கருமை இல்லை. இது இனத்தைச் சரிபார்க்கவும் உதவும்.

வெப்பம் தனியாக ஒரு தலைவலி. ஒட்டுண்ணிப் புழுவை 37-இலும் பிணந்தின்னியை 25-இலும் வளர்த்துவிட்டு ஒப்பிட்டால், பட்டியலின் உச்சியில், சூட்டைத் தாங்க உடல் உண்டாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் வந்து உட்காரும். உடனே 'ஒட்டுண்ணி வாழ்க்கைக்கு வெப்பப் புரதங்கள் அவசியம்' என்று ஒரு முடிவு எழுதப்படும். பரிசோதித்தது வாழ்க்கை முறையை அல்ல, அடைகாப்புப் பெட்டியின் பொத்தானை. இரண்டு இனத்தையும் இரண்டு வெப்பத்திலும் வளர்த்தால்தான் இதைப் பிரிக்க முடியும். புழுக்கூட்டம் தானே சூடாகும் என்பதையும் மறக்கக் கூடாது. நெருக்கமாக மொய்த்த புழுத்திரளின் நடுவில் சூடு வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரிக்கு மேலும் கூடும். வெப்பமானியைப் பெட்டியின் மூலையில் வைக்காமல் இறைச்சியின் நடுவில் செருக வேண்டும்.

உணவும் அப்படியே. அழுகிய இறைச்சியில் வளர்ந்த புழுவில் நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளும் நச்சு முறிக்கும் நொதிகளும் எகிறியிருக்கும். அது இனத்தின் குணமா, நேற்றுச் சாப்பிட்டதன் விளைவா? இரண்டு இனத்தையும் இரண்டு உணவிலும் வளர்த்து, உணவு மாறினாலும் மாறாத வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். சுருங்கட்டும்.

நடத்தையை அளப்பது எப்படி

வெளிப்பாட்டுக் கணக்கு மட்டும் இருந்து, புழு எதை விரும்பியது என்ற அளவு இல்லாவிட்டால் இரண்டையும் இணைக்க வழியில்லை. தேர்வுச் சோதனை எளிமையானது, அதனாலேயே அலட்சியமாகச் செய்யப்படுகிறது. 15 செ.மீ. அகலத் தட்டில் 2 சதவீத அகார் ஊற்றி, எதிரெதிர் ஓரங்களில் ஒரே எடையுள்ள இரண்டு துண்டு வைக்கலாம்: ஒன்று புதிய இறைச்சி, மற்றது அதே துண்டிலிருந்து வெட்டி மூடிய டப்பாவில் 25 டிகிரியில் ஐந்து நாள் அழுக விட்டது. இரண்டும் கொழுப்பு நீக்கியதாக, ஒரே மாட்டினுடையதாக இருக்க வேண்டும். நடுவில் இருபது புழு விட்டு 5, 10, 20 நிமிடத்தில் எண்ணலாம். புதியதில் இருப்பதிலிருந்து அழுகியதில் இருப்பதைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் விருப்பக் குறியீடு வரும். +1 என்றால் எல்லாம் புதியதில், −1 என்றால் எல்லாம் அழுகியதில்.

இனி தவறுகள். புழு வெளிச்சத்தை வெறுக்கும். ஜன்னல் ஒரு பக்கம் இருந்தால் அது இறைச்சியைத் தேர்ந்தெடுக்காது, இருட்டைத் தேர்ந்தெடுக்கும். மங்கிய சிவப்பு விளக்கில் செய்து, தட்டை ஒவ்வொரு முறையும் கால் வட்டம் திருப்ப வேண்டும். புழு கூட்டம் சேரும். முன்னால் போனதன் பின்னால் மற்றவை போகும். அதனால் இருபது புழுவை இருபது சான்றாகக் கணக்கிட முடியாது. தட்டு ஒன்று, சான்று ஒன்று. குறைந்தது பதினைந்து தட்டு வேண்டும். அழுகிய துண்டு நீர்விட்டுக் கூழாகியிருக்கும், புதியது இறுகியிருக்கும். இந்த ஈர வேறுபாட்டை மட்டும் பார்த்தும் புழு நகரும். வெற்று அகாரில் ஈரத்தை மட்டும் மாற்றி ஒரு கட்டுப்பாட்டுத் தட்டு வைக்காத சோதனையை நம்பக் கூடாது. வளர்ந்த உணவைப் புழு விரும்பும் பழக்கமும் உண்டு. இங்கேயும் இரண்டு உணவிலும் வளர்த்த புழுக்கள் தேவை.

வெப்பத்தையும் சேர்க்க விரும்பினால் நாலு துண்டு: புதியது 25-இல், புதியது 37-இல், அழுகியது 25-இல், அழுகியது 37-இல். தட்டின் அடியில் சிறு வெப்பத்தகடுகள் போதும். ஆனால் இதில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய இறைச்சி உயிர்ச்சதை ஆகாது. அதில் இரத்தம் உறையாது, வெள்ளணுக்கள் எதிர்க்காது, அடிபட்ட திசு வீங்காது. 'புதியதா அழுகியதா' என்ற கேள்விக்கு இந்தத் தட்டு பதில் சொல்லும். 'உயிரா பிணமா' என்பதற்குச் சொல்லாது. அதற்கு விலங்கிலேயே செய்ய வேண்டும், விலங்கு நெறிக்குழுவின் அனுமதியோடு.

பெண் ஈக்களின் முட்டையிடும் தேர்வுக்கு ஒரு கூண்டுக்கு ஒரு ஈ என்று வைப்பதே நல்லது. ஒன்று முட்டையிட்ட இடத்துக்கு மற்றவையும் வரும். பத்து ஈயை ஒன்றாக விட்டால் முதலாவது வந்தவள் எல்லாருக்கும் முடிவு செய்துவிடுவாள்.

ஆர்.என்.ஏ எடுக்கும் மேசையில்

புழுவை உறைபனித் தட்டில், குளிர்ந்த உப்புக்கரைசலில் அறுக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பி இரண்டு கண்ணாடிக் குழாய்கள்போலத் தெளிவாக வரும். குடலின் முன்பகுதியில் உணவுப்பை சிவந்து உப்பியிருக்கும். அதைக் கிழித்துவிட்டால் மாட்டின் ஆர்.என்.ஏ-யும் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ-யும் மாதிரிக்குள் கொட்டும். இதைத் தவிர்க்கப் புழுவை இரண்டு மணி நேரம் பட்டினி போடுகிறவர்கள் உண்டு. பட்டினியே செரிமான நொதிகளின் வெளிப்பாட்டை மாற்றிவிடும் என்பதால், ஆராயும் விஷயத்தையே கழுவிக் கொட்டுவதுபோல் ஆகிவிடும். தின்றுகொண்டிருக்கும் புழுவையே எடுத்து, உணவுப்பையைத் தனியாக நீக்கி, படித்தெடுத்த ஆர்.என்.ஏ துணுக்குகளில் மாட்டின் மரபணுத் தொகுதியோடு பொருந்துபவற்றைக் கணினியில் வடிகட்டுவதே மேல்.

50 முதல் 100 மி.கி. திசுவுக்கு ஆர்.என்.ஏ-யைப் பிரிக்கும் ட்ரைசால் கரைசல் 1 மி.லி., 200 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம், 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடச் சுழற்றல், மேல் அடுக்கை மட்டும் எடுத்து 500 மைக்ரோலிட்டர் ஐசோபுரோப்பனால், 75 சதவீத எத்தனாலில் கழுவல், டிஎன்ஏ-யை அழிக்கும் நொதி. இதெல்லாம் வழக்கம்தான். ஈக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஆர்.என்.ஏ தரத்தைப் பார்க்கும் கருவி மாதிரியைச் சூடாக்கித்தான் ஓட்டும். பெரும்பாலான பூச்சிகளின் 28எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ-யில் நடுவில் ஒரு மறைவான முறிவு உண்டு. சூடானால் அது இரண்டு துண்டாகி, 18எஸ் என்ற சிறிய ரைபோசோம் ஆர்.என்.ஏ-யின் பட்டையோடு சேர்ந்து ஒரே மேடாக ஓடும். கருவி 28எஸ் காணவில்லை என்று பார்த்துவிட்டு, ஆர்.என்.ஏ சிதைந்துவிட்டதாகக் குறைந்த மதிப்பெண் போடும். இதை அறியாமல் நல்ல மாதிரிகளைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள். எண்ணைப் பார்க்காமல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்: ஒற்றை மேடு கூர்மையாக நின்று, அதற்கு இடப்பக்கம் தரை சுத்தமாக இருந்தால் ஆர்.என்.ஏ நன்றாக இருக்கிறது.

வரிசைப்படுத்த மாதிரிக்கு 2 முதல் 3 கோடி ஜோடித் துணுக்குகள் குடலுக்கும் சுரப்பிக்கும் போதும். உணர்கொம்புக்கு இன்னும் ஆழம் வேண்டும். புரத நொதி மரபணுக்கள் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்பவை. ஒரு துணுக்கு மூன்று மரபணுவுக்கும் பொருந்தினால் பல மென்பொருள்கள் அதைத் தூக்கி எறிந்துவிடும். செரிமானத்தைத் தேடுகிறவருக்கு முக்கியமானதே எறியப்படும். அவற்றைப் பங்கிட்டு எண்ணும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனங்களுக்கிடையே ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஒன்று என்று நேராகப் பொருந்தும் மரபணுக்களை மட்டுமே ஒப்பிட முடியும். அதில் இரட்டித்தவை விழுந்துவிடும். புதிய வாழ்க்கை முறைக்குக் காரணமானவை இரட்டித்த மரபணுக்களாகவே இருந்தால்? இந்தக் குருட்டுப் புள்ளிக்கு எளிய மருந்து இல்லை. அந்தக் குடும்பங்களைக் கையால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். ஒரே ஒரு ஒட்டுண்ணியையும் ஒரே ஒரு பிணந்தின்னியையும் ஒப்பிட்டால் கிடைப்பதில் பெரும்பகுதி வெறும் இன வேறுபாடு. ஹோமினிவோராக்ஸ்-மாசெல்லாரியா, பெசியானா-மெகாசெபாலா என்று இரண்டு ஜோடியாவது இருந்து, இரண்டிலும் ஒரே திசையில் மாறிய மரபணுக்களை எடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

கடைசியில் கிடைக்கும் நாலைந்து மரபணுக்களை முடக்கிப் பார்க்க வேண்டும். முட்டையிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கருவில் கிரிஸ்பர் கலவையைச் செலுத்தியாக வேண்டும். இந்த ஈக்களின் முட்டைகள் பசை போட்டு ஒட்டியதுபோல் திரளாக இருக்கும். மெல்லிய காரக் கரைசலில் பிரித்தெடுக்கவே நேரம் ஓடிவிடும். முடக்கிய ஈ புண்ணைத் தேடவில்லை என்பதோடு நிறுத்தக் கூடாது. அது பறக்கிறதா, சர்க்கரையைத் தின்கிறதா, முட்டை முற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நோயாளி ஈ எதையும் தேடாது.

கால்நடை மருந்தகத்திலிருந்து

பெசியானாவை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்ப்பது எளிதல்ல. நம் பக்கத்தில் மாதிரி கிடைக்கும் இடம் கால்நடை மருந்தகம்தான். டர்பன்டைனோ கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயோ ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எண்ணெய் பட்டால் மூச்சுத்துளை அடைபட்டுப் புழு திணறிக்கொண்டு வெளியே வரும். எடுக்க வசதிதான், ஆனால் அந்தப் புழுவில் தெரிவது திணறலின் வெளிப்பாடு.

மேலாக நெளிவதை எடுக்காமல் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒரே புண்ணில் பெசியானா திறந்துவிட்ட பிறகு மெகாசெபாலாவும் மற்றவையும் வந்து முட்டையிட்டிருக்கும். ஓரத்திலும் மேலும் இருப்பவை பெரும்பாலும் பின்னால் வந்த விருந்தாளிகள். எனவே ஒவ்வொரு புழுவிலிருந்தும் ஒரு துணுக்கு வெட்டி, மைட்டோகாண்டிரியாவின் சிஓ1 மரபணுவைப் படித்து இனத்தை உறுதிப்படுத்திய பிறகுதான் மாதிரிகளைச் சேர்க்க வேண்டும்.

ஆர்.என்.ஏ-க்கு எடுக்கும் புழுவை முழுதாகப் பாதுகாப்புத் திரவத்தில் போட்டால் பயனில்லை. தோல் தடிப்பானது, திரவம் உள்ளே போகாது. புழு அதிலேயே கொஞ்ச நேரம் உயிரோடு நெளிந்துகொண்டிருக்கும். இரண்டாக வெட்டி, திசுவைப்போலப் பத்து மடங்கு திரவத்தில் போட்டு, ஒரு இரவு 4 டிகிரியில் ஊறவிட்டு, பிறகு −80-க்கு மாற்றலாம். உருவம் பார்க்க வைக்கும் புழுக்களை 80 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்திக் கொன்று 80 சதவீத எத்தனாலில் வைக்க வேண்டும். உயிரோடு எத்தனாலில் போட்டால் சுருங்கிக் கறுத்து, மூச்சுத்துளைக் கீற்றுகளை எண்ண முடியாமல் போகும். குப்பியின் மேல் என்ன பிராணி, எந்த இடத்துப் புண், புண்ணுக்கு எத்தனை நாள், எந்த மணிக்கு எடுத்தது என்று பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை எத்தனாலில் கரையும்.

முழு வளர்ச்சி அடைந்த பத்துப் புழுவையாவது உயிரோடு வைத்துக்கொள்வது நல்லது. ஈரம் குறைந்த மணல் மூன்று விரல் உயரம் போட்டு, நுண்வலை கட்டிய பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வைத்தால், 28 டிகிரியில் கூட்டுப்புழுவாகி ஏழெட்டு நாளில் ஈயாக வெளிவரும். உணர்கொம்புக்கு வேண்டிய பெண் ஈ அப்படித்தான் கிடைக்கும். மணலுக்குள் போன புழு எத்தனை என்று முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். பெட்டியை முதலில் உறைபெட்டிக்குள் வைத்து, ஈக்கள் மயங்கிய பிறகு வலை வழியாகவே எண்ணி, காலிக் கூடுகளோடு சரிபார்த்து, கணக்கு சரியாக இருந்தால் மட்டும் முடிச்சை அவிழ்க்கலாம்.